நான்காம் நூலில் ஏழு முடிச்சு

மூன்று நீண்ட விசில் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஏணிக்கு ஓட வேண்டும். அந்த வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். கல் அடுக்குவது, கம்பு நடுவது, பாய் விரிப்பது எல்லாம் அதற்கு அப்புறம். திங்கட்கிழமைதோறும் இன்ஜினியர் கையில் கடிகாரத்தோடு நிற்பார். விசில் ஊதப்படும். கீழே நிற்கிற ஆறு பெண்களும் சேற்றில் விழுந்து எழுந்து ஏணியில் ஏறிக் கரைமேல் வந்து நிற்பார்கள். முதல் வாரம் நான்கு நிமிடம் ஆனது. கடைசியில் ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு வந்துவிட்டார்கள். தூக்கத்தில் விசில் கேட்டாலும் கால் ஏணியைத் தேடும் என்று சிரித்துக்கொள்வார்கள்.

அந்தச் சிரிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ஆற்றின் மேல்பக்கம் ஆறு கிலோமீட்டரில் அணை. அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். காலையில் ஊர் விழித்து அடுப்பும் மோட்டாரும் போடுகிற நேரத்தில் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். ஆறு ஓர் ஆள் உயரம் ஏறிவிடும். ஒன்பது மணிக்கு மூடுவார்கள். அரை மணிக்குள் அத்தனையும் வடிந்து கரையின் அடி தெரியும். மாலை ஐந்து மணிக்கு மறுபடியும் ஏற்றம், ராத்திரி மறுபடியும் இறக்கம். சில நாள் சொல்லாமல் கொள்ளாமல் நடுப்பகலிலும் திறப்பதுண்டு. இப்படி முப்பது வருடமாக ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறி இறங்கினால் எந்தக் கரை தாங்கும்? ஆற்றங்கரைத் தெருவில் முன்பு இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. இப்போது ஒரு வரிசைதான். மற்ற வரிசை எங்கே என்று கேட்டால் ஆற்றைக் காட்டுவார்கள்.

அந்தக் கரையைத்தான் அவர்கள் மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அடியில் கல் அடுக்கி, அதன்மேல் வேர் பிடிக்கிற ஆற்றோர மரக் கம்புகளை அடித்து இறக்கி, உச்சியில் புல் விதை தூவி நார்ப் பாய் விரிப்பது. கம்பு வேர் விட்டால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வேர் விடுகிறவரை மண் நிற்க வேண்டுமே, அதுதான் பாடு.

விசில் இருந்தது ஓர் அத்தையின் கழுத்தில். அவளை எல்லோரும் விசிலத்தை என்றே கூப்பிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது. நாள் முழுக்கக் கரைமேல் நின்று மேல்பக்கத்துத் தண்ணீரைப் பார்ப்பது ஒரு வேலை. இன்னொரு வேலை நூல் பார்ப்பது. கரை உச்சியில் எங்கெல்லாம் கீறல் விட்டிருந்ததோ, அங்கெல்லாம் கீறலின் இரண்டு பக்கமும் ஒரு முளை அடித்து, நடுவில் நூல் கட்டியிருந்தார்கள். முளைக்கும் முளைக்கும் சரியாக ஒரு மீட்டர். மொத்தம் பன்னிரண்டு இடம். வேண்டுமென்றே மெல்லிய நூல். கீறல் இரண்டு விரற்கடை அகன்றால் அறுந்துவிடும். அறுந்தால் அந்த இடத்துக்குக் கீழே யாரும் இறங்கக் கூடாது. காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு நூலையும் விரலால் சுண்டிப் பார்த்து நோட்டில் எழுதுவாள்: அசைவு இல்லை. கையெழுத்து.

அவளுக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. அதனால்தான் சுண்டிப் பார்த்தாள். இது இன்ஜினியருக்குத் தெரியாது. மருமகளுக்குத் தெரியும்.

மருமகள் கீழே கம்பு நடுகிற ஆறு பேரில் ஒருத்தி. அவர்களுக்குத் தலைவி என்றும் சொல்லலாம். மகன் வேறு ஊரில் வேலை பார்த்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும்தான். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் குத்திப் பேசாத நாளே கிடையாது. ஒருத்தி சாப்பிடாமல் மற்றவள் சாப்பிட்ட நாளும் கிடையாது. அப்படி ஒரு பொருத்தம்.

அன்று காலையிலும் சண்டைதான்.

"இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க அத்தை. ஆபரேஷனுக்குத் தேதி வாங்கணும். எத்தனை தடவை தள்ளிப் போடுவீங்க?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது. உன் மூஞ்சி உம்முனு இருக்கறது தெரியுதே, போதாதா?"

"மூஞ்சி தெரியுது. நேத்து சக்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டீங்களே, அது தெரியலையா?"

"தெரிஞ்சுதான் போட்டேன். உனக்கு ரோஷம் வரட்டும்னு."

மருமகள் பையை எடுத்துக்கொண்டு முன்னாலேயே கிளம்பிவிட்டாள். சில வாரங்களாகவே அவள் அப்படித்தான், அரை மணி நேரம் முன்னாடியே போய்விடுவாள். தன்னோடு சேர்ந்து நடக்கப் பிடிக்கவில்லை என்றுதான் மாமியார் நினைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தண்ணீர் இறங்கியது. ஒன்பதரைக்கு ஆறு பேரும் நான்காம் நூலுக்குப் பக்கத்தில் கட்டியிருந்த ஏணி வழியாகக் கீழே போனார்கள். போன்களை எல்லாம் வழக்கம்போல மேலே பிளாஸ்டிக் பெட்டியில் போட்டார்கள்; தண்ணீரில் விழுந்துவிடும் என்று யாரும் கீழே கொண்டுபோவதில்லை. கரை அங்கே மூன்று ஆள் உயரம். பொக்லைன் ஓட்டுபவர் கரை உச்சியில் வண்டியை நிறுத்திக் கல் கூடைகளைக் கீழே இறக்க ஆரம்பித்தார்.

மறுநாள் மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்களாம். பழைய நூல் வெளுத்து அசிங்கமாக இருக்கிறது, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள் என்று இன்ஜினியர் ஒரு கண்டு ஆரஞ்சு நூல் கொடுத்திருந்தார். விசிலத்தை ஒன்று, இரண்டு, மூன்று மாற்றிவிட்டு நான்காவதுக்கு வந்தாள். நிலத்துப் பக்கத்து முளைக்கு அருகே உட்கார்ந்து, பழைய நூலை அவிழ்த்து, வீணாக்குவானேன் என்று விரலில் சுற்றத் தொடங்கினாள்.

விரலில் ஏதோ இடறியது. ஒரு முடிச்சு.

இன்னும் இரண்டு சுற்று. இன்னொரு முடிச்சு. அதற்கப்புறம் இருந்தது நூலே இல்லை; சொரசொரவென்று சணல். மறுபடி முடிச்சு. கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணை மூடினால்தான் நன்றாகத் தெரியும். நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.

ஏழும் ஒரே மாதிரி. தட்டையாக, இரண்டு நுனியையும் உள்ளே மடித்துச் செருகிய முடிச்சு. கம்புக் கட்டுகளை அப்படித்தான் கட்டுவார்கள். அவிழாது, கையில் குத்தாது. நுனியை அவ்வளவு சுத்தமாகச் செருகுகிறவள் அந்த வேலையிடத்தில் ஒருத்திதான். சோற்றுப் பொட்டலத்தையும் அவள் அப்படித்தான் கட்டுவாள்.

நல்லவேளை, அவள் சட்டென்று எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே யோசித்தாள். போன மாதம் மூன்று தடவை நூல் அறுந்து கிடந்து, மூன்று நாள் வேலை நின்றது. மூன்றும் ஆடு மேய்ந்து அறுத்தவை என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். எல்லோர் முன்னாலும் கத்தினார்: "ஒரு நூலைக்கூட ஒழுங்காக் கட்டத் தெரியாதாம்மா? கண்ணு தெரியலைன்னா சொல்லிட்டு வீட்ல இருங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மருமகளும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த நாளிலிருந்துதான் அரை மணி முன்னாடி கிளம்புவது.

அதற்கப்புறம் ஒரு நூல்கூட அறுந்து கிடக்கவில்லை. இருபத்து மூன்று நாள். அசைவு இல்லை, அசைவு இல்லை, அசைவு இல்லை.

விசிலத்தை நார்ப் பாயின் ஓரத்தைத் தூக்கினாள். விதை முளைக்கட்டும் என்று விரித்த பாய், கீறலையும் மூடியிருந்தது. கையை உள்ளே விட்டாள். விரல் போனது. மணிக்கட்டு போனது. முழங்கை வரை போனது. உள்ளே காற்று ஜில்லென்று வந்து தோலில் பட்டது. எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம்.

கரை ஏற்கெனவே கழன்றுவிட்டது. விழவில்லை, அவ்வளவுதான்.

அவள் கை தானாகவே விசிலுக்குப் போனது. உதட்டில்கூட வைத்துவிட்டாள். மூச்சை இழுத்தவள், அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

விசில் ஊதினால் என்ன ஆகும்? ஆறு பேரும் ஏணிக்கு ஓடுவார்கள். ஒன்றே முக்கால் நிமிடத்தில் ஓடி வருவார்கள். ஏணி எங்கே இருக்கிறது? இதோ, இந்தக் கழன்ற மண்ணில்தான் கட்டியிருக்கிறது. ஆறு பேரின் கனமும், அவர்கள் தடதடவென்று ஏறுகிற அதிர்ச்சியும். கத்திக் கூப்பிடலாமா? அவள் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே அவர்கள் காதுக்கு அது விசில்தான். அந்தக் கால்களைப் பழக்கியதே அவள்தான்.

விசிலைக் கழற்றிச் சேலை முடிச்சில் வைத்து இறுக்கினாள். தெரியாமல்கூட ஊதிவிடக் கூடாதே.

பொக்லைனின் ஒரு பக்கத்துச் சங்கிலி கீறலுக்கு அந்தப் பக்கம், ஆற்றோரமாக இருந்தது. அவள் நிலத்துப் பக்கமாகவே சுற்றிப் போய் ஓட்டுபவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார்.

"என்ன விசிலக்கா, டீயா?"

"ஆமா, டீதான். இன்ஜினை அணைச்சிட்டு இந்தப் பக்கமா இறங்கி வா. குதிக்காத. மெதுவா."

"என்னக்கா இவ்வளவு மரியாதை? டீ அவ்வளவு சூடா?"

அவர் இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் அவர் கையைப் பிடித்துக் கீறலுக்குள் விட்டாள். அவர் கையை வெளியே எடுத்து, எதையோ துடைப்பதுபோல் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. ரேடியோ. வாய் மூடாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர். "என்ன மேல சத்தத்தையே காணோம்? வண்டி செத்துப் போச்சா, ஆளு செத்துப் போச்சா?"

"டீசல் ஊத்தறாங்கடி," என்றாள் விசிலத்தை. கதவுக்கு வெளியே நிற்கிறவளிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையைச் சாதாரணமாகச் சொல்ல அவள் பட்ட பாடு, கண்ணுகளா, அதை நான் எப்படி எழுதுவேன்!

"நான் போறேன்க்கா," என்றார் ஓட்டுபவர், தணிந்த குரலில். "ஏணியை இழுத்துட்டா ஏற மாட்டாங்கல்ல?"

"அதைத் தொடாத. அதைக் கட்டியிருக்கற முளையே அந்த மண்ணுலதான் இருக்கு. நீ கீழ போனா ஆறு பேரும் நூறு கேள்வி கேப்பாங்க. நீ இங்கயே நில்லு. இன்ஜினியருக்குப் போன் போடு. யார் வந்தாலும் அந்தப் பக்கம் கால் வைக்க விடாத. அவரையும்தான்."

கீழ்ப்பக்கம் இருநூறு அடி தள்ளிக் கரை தாழ்ந்து கூழாங்கல் திட்டாக ஆற்றில் இறங்கும். அவள் அங்கே போய் இறங்கி, கரையின் அடியோடு திரும்பி நடந்தாள். கீழே வேலைக்கு வந்து பழக்கமில்லாத கால். சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது.

கரையை அடியில் நின்று பார்ப்பது வேறு. மேலே நிற்கும்போது அது தரை. கீழே வந்தால் அது சுவர். தண்ணீர் இறங்கியதும் மண்ணுக்குள் நின்றுபோன நீர் வெளியே கசியும். கரைக்கு வேர்க்கிறது என்பார்கள். அன்று வேர்க்கவில்லை. இடுப்பு உயரத்தில் நெடுக ஒரு கோடு போட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே மண் வயிறுபோல முன்னால் தள்ளியிருந்தது. ஆறு நிறைந்திருந்தவரை தண்ணீரே சாய்ந்து நின்று அதைத் தாங்கியிருக்கிறது. இப்போது தாங்க யாரும் இல்லை. மேலே எங்கேயோ ஒரு வேர் இழுபட்டு 'டிக்' என்று அறுந்தது. கொஞ்சம் மண் பொலபொலவென்று அவள் தோளில் விழுந்தது. அவள் தட்டிவிடக்கூட இல்லை. கையை வீசினால் காற்று அதிர்ந்துவிடுமோ என்று பயம். அப்படியெல்லாம் ஆகாது என்று உங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பயத்துக்குத்தான் தெரியாது.

முன்னால் மரச்சுத்தி விழுகிற சத்தம். தொம். தொம். கம்பை அடித்து இறக்குகிறார்கள்.

மருமகள்தான் முதலில் பார்த்தாள். சுத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"பாருங்கடி யாரு வர்றாங்கன்னு. என்ன அத்தை, காலையில விட்ட சண்டையை முடிச்சிட்டுப் போகலாம்னு இறங்கி வந்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆமா," என்றாள் விசிலத்தை. கிட்டே வந்து மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சுத்தியைக் கீழ வை. போடாத, வை."

"என்ன அத்தை?"

"நாலாம் நூல்ல ஏழு முடிச்சு."

மருமகளின் முகம் வெளுத்துப்போனதை அந்தப் புரை விழுந்த கண்கூடப் பார்த்தது.

"அது… நான்தான் அத்தை. ஆடு அறுத்திருக்கும்னு நினைச்சேன். நீங்க பார்க்காம விட்டுட்டீங்கன்னா மறுபடி அந்த ஆளு உங்களை எல்லார் முன்னாலயும்…"

"அதெல்லாம் அப்புறம். மேல மண்ணு கழண்டு நிக்குது. என் கை முழங்கை வரைக்கும் உள்ள போச்சு. ஓடாதீங்க. கத்தாதீங்க. எல்லாத்தையும் இப்படியே வெச்சிட்டு ஆத்துக்குள்ள இறங்குங்க. கரையை ஒட்டி வேணாம். முழங்கால் தண்ணியில நடந்து கல் திட்டுக்குப் போங்க."

யாரும் அசையவில்லை. எப்படி அசைவார்கள்? ஆபத்து என்றால் தண்ணீரை விட்டு ஓடு என்று மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறது. இப்போது அதே ஆள் வந்து, ஆபத்து, ஆற்றுக்குள் இறங்கு என்கிறாள்.

"தண்ணிக்குள்ளயா?" என்றாள் ஒருத்தி. "திறந்துட்டா?"

"திறக்கலை. நான் சொல்றேன்ல, இறங்குடி."

நான்கு பேர் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஐந்தாவது ஆள் ரேடியோ. அவள் அங்கே இல்லை.

அவள் ஏணியில் இருந்தாள். மண் கழன்று நிற்கிறது என்று காதில் விழுந்ததுமே கால் போய்விட்டது. மூன்று படி ஏறிவிட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக வாயைத் திறக்காமல் ஏறிக்கொண்டிருந்தாள். ஏணியின் தலைப்பக்கம் மண் தூசாக உதிர்ந்தது.

விசிலத்தை பிடியை விடவில்லை. ஆனால் மருமகள் கையை உருவிக்கொண்டாள்.

"போகாதடி," என்றாள் மாமியார். கெஞ்சலாக வந்தது. அவளிடம் அந்தக் குரல் இருப்பது மருமகளுக்கு அதுவரை தெரியாது.

மருமகள் ஏணிக்கு அருகே போனாள். தொடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தண்ணீர்க் குழாயடியில் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

"ஏய் ரேடியோ. மேல எங்க போற?"

ரேடியோ ஏணியை இன்னும் இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"மேல இன்ஜினியர் வந்துட்டாராம். நீ அவரைப் போலவே நடந்து காட்டினியாமே, யாரோ சொல்லிட்டாங்க. கேட்டுட்டு வர்றாரு."

"யாரு சொன்னது?" என்றாள் ரேடியோ. குரல் வந்துவிட்டது. "நீதான் சொல்லியிருப்ப."

"நான்தான் சொன்னேன். இறங்கி வந்து என்னை நாலு வார்த்தை கேளு. வலது காலை முதல்ல வை. இன்னும் கீழ. அவ்வளவுதான். அடுத்தது."

மூன்று படி. அந்த மூன்று படி இறங்குகிற நேரத்தில் விசிலத்தை மேலே பார்க்கவில்லை. மருமகளின் பின்கழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். அது அவளுக்கு ஒரு மங்கலான வெளுப்பாகத்தான் தெரிந்தது. அதை விட்டுக் கண்ணை எடுத்தால் அது இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது.

ரேடியோவின் கால் தரையைத் தொட்டது. மருமகள் அவள் இடுப்பைப் பிடித்து ஆற்றுக்குள் தள்ளினாள். மூன்று பேரும் முழங்கால் தண்ணீரில், கல்லில் வழுக்கி வழுக்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

கூழாங்கல் திட்டில் ஏறி நின்று பார்த்தபோது கரை அப்படியே நின்றுகொண்டிருந்தது.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம். வெயில் நன்றாக அடித்தது. ஏணி பளபளத்தது. ஒன்றும் நடக்கவில்லை. பயம் இறங்க இறங்க வாய்கள் திறந்தன. ஒருத்தி தன் சாப்பாட்டுப் பெட்டி அங்கேயே இருக்கிறது என்றாள். ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம், ரெண்டே நிமிஷம் என்றாள். "உக்காருடி," என்றாள் விசிலத்தை.

இன்ஜினியர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். பொக்லைன்காரர் அவரைத் திட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். இன்ஜினியர் கையில் விசிலத்தையின் நோட்டு.

"நாளைக்கு ஆள் வர்றாங்க, இன்னைக்கு வேலையை நிறுத்திட்டு எல்லாரும் வெயில் காயறீங்களா? இதுல நீங்கதானம்மா எழுதியிருக்கீங்க, காலையில எட்டு மணிக்கு, அசைவு இல்லைன்னு? எட்டு மணிக்கு அசையாத கரை பத்து மணிக்கு அசைஞ்சிடுச்சா?"

விசிலத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். தான் சரியாகப் பார்க்கவில்லை, தன் கண்தான் காரணம் என்று சொல்லப் போனாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அவர் கிழவி உளறுகிறாள் என்று ஏணியில் இறங்கிப் போய்ப் பார்ப்பார்.

மருமகளுக்கும் அது புரிந்தது. முன்னால் வந்தாள்.

"சார், அந்த நோட்டு பொய். அத்தை எழுதினது பொய் இல்லை, நான் பண்ணினதுதான் பொய். நூல் அறுந்து கிடக்கறப்ப எல்லாம் நான் காலையில முன்னாடியே வந்து கட்டிடுவேன். பத்தலைன்னா சணல் சேர்த்துக் கட்டுவேன். ஆடுன்னு நினைச்சேன் சார். எல்லாமே ஆடு இல்லை."

இன்ஜினியர் அவளைப் பார்த்தார். திட்ட வந்தவர் நோட்டைப் பின்னுக்குத் திருப்பிப் பார்த்தார். போன மாதம் தான் கத்தியது அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எத்தனை தடவை?"

"நாலாவதுல ஏழு தடவை சார்."

அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஏழு தடவை, தடவைக்கு இரண்டு விரற்கடை. நோட்டை மூடினார். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "நான் போய் முளைக்கு முளை அளந்து…" என்று ஓர் அடி எடுத்து வைத்தார். பொக்லைன்காரர் குறுக்கே கை நீட்டினார். "அக்கா யாரையும் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார். உங்களையும்தான்."

அவர்கள் அப்படி நின்றுகொண்டிருக்கும்போதே ஏணி சாய்ந்தது.

சத்தமே இல்லை. யாரோ களைத்துப்போய் உட்காருகிற மாதிரி, கரையின் ஒரு முழுத் துண்டு, நட்ட கம்புகளோடு, விரித்த பாயோடு, நிமிர்ந்தபடியே கீழே இறங்கியது. பாதி இறங்கியதும்தான் சத்தம் வந்தது. பொக்லைன் ஒரு பக்கமாகத் தலைகுப்புறச் சரிந்து, நீண்ட கையை ஆற்றில் ஊன்றிக்கொண்டு நின்றது. அவர்கள் கல் அடுக்கிய இடம், சுத்திகள் கிடந்த இடம், ரேடியோ ஏறியிருந்த மூன்று படி, எங்கும் பழுப்பு மண். அலை வந்து திட்டில் நின்றவர்களின் முழங்காலில் மோதித் திரும்பியது.

ரேடியோ மருமகளின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; பிடித்திருப்பது அவளுக்கே தெரியவில்லை.

விசிலத்தை மருமகளைப் பக்கத்தில் இழுத்தாள். அணைத்துக்கொள்ளத்தான் இழுத்தாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் காதோரம் கேட்டாள்:

"மத்ததுல?"

"என்ன அத்தை?"

"பன்னிரண்டு நூல் இருக்கு. மத்ததுல எத்தனை கட்டின?"

மருமகள் அவளைப் பார்த்தாள். பிறகு தெரு வீடுகளின் பக்கம் திரும்பினாள். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நூல்கள் இருந்தது ஆற்றங்கரைத் தெரு வீடுகளின் கொல்லைப் பக்கம்.

"தெரியலை அத்தை," என்றாள். "சிலது முடிச்சுப் போட்டேன். சிலது ரொம்ப நைஞ்சிருந்தா புது நூலே மாத்திட்டேன்."

இன்ஜினியர் அணைக்குப் போன் போட்டார். இன்று சாயந்திரம் தண்ணீரை ஏற்ற வேண்டாம், ஏற்றினாலும் இறக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள் என்று கேட்டார். பிறகு போனையே பார்த்துக்கொண்டு நின்றார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறார்களாம்.

மணி பதினொன்றரை. ஐந்து மணிக்குத் தண்ணீர் ஏறும். ராத்திரி ஊர் படுத்த பிறகு இறங்கும்.

மாமியாரும் மருமகளும் வீடு வீடாகக் கொல்லைப்புறம் நடந்தார்கள். ஒன்பதாம் நூலில் இரண்டு முடிச்சு. பத்தில் ஒன்று. பதினொன்றில் ஒன்றுமில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விசிலத்தை விரலால் தடவிப் பார்த்தாள், வழுவழுவென்று இருந்தது.

"இது நல்லாயிருக்கே," என்றாள், நம்ப விரும்புகிறவள்போல.

"இது பழைய நூலா, நான் மாத்தின நூலா, ஞாபகம் வரலையே அத்தை." மருமகள் அழ ஆரம்பித்தாள். "எவ்வளவு யோசிச்சாலும் வரலையே."

இன்ஜினியர் அளவு நாடாவோடு ஒன்பதாம் நூலில் மண்டியிட்டிருந்தார். அவர் இங்கே வந்து சேர நேரமாகும். விசிலத்தை காத்திருக்கவில்லை. அந்த வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினாள். துணி பிழிந்த ஈரக் கையோடு ஒரு பெண் வந்து திறந்தாள். சேறு படிந்த சேலையையும் அழுகிற மருமகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னக்கா? தண்ணி வருதா?"

"தண்ணி இல்லம்மா."

"பின்ன என்ன?"

"எங்களுக்கே தெரியலை," என்றாள் விசிலத்தை. "அதனாலதான் சொல்றேன். அடுப்பை அணைச்சிட்டு, உள்ள இருக்கறவங்களைக் கூட்டிக்கிட்டு, தெருப் பக்கமா வெளிய வா. ஓடாத. மெதுவா நடந்து வா."